இரண்டடிக் கடல்

எங்கள் தொட்டிக்கு நான் முதலில் வாங்கி வந்த மீனே தப்பான மீன்.

2011 பிப்ரவரி. புனேயில் ராஸ்தா பேட்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். எனக்கு வேலை போசரியில். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, வியாழன்தான். அதனால் எங்கள் வீட்டில் வியாழன் என்றால் தொட்டி நாள். மீன் கடைக்குப் போவது, தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் அன்றைக்குத்தான்.

கடைக்காரர் ஒரு கறுப்பு மீனைக் காட்டினார். நாலணாக் காசு அளவுதான் இருந்தது. கறுப்பு வெல்வெட்டில் வெட்டி எடுத்தது போன்ற உடம்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பெயர் டாமினோ. புதுத் தொட்டியில் தண்ணீர் பதப்படும் வரை தாங்கி நிற்கிற மீன் இதுதான் என்றார். "பிறகு கோமாளி மீன் விட்டால் ஒத்துப்போகுமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "சாலேல்" என்றார். 'ஆகும், ஓடும், பார்த்துக்கொள்ளலாம்' என்பதையெல்லாம் மராத்திக்காரர்கள் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பையை மகள் கையில் கொடுத்தார். அவளுக்கு அப்போது ஏழு வயது. பைக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்து, வீடு வரும்வரை அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் பதப்படுவது என்றால் நுண்ணுயிர் பிடிப்பது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது விஷம். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் தண்ணீர் உயிர் வாழத் தகுந்ததாகிறது. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைக்கட்டும் என்று ஓர் உயிருள்ள மீனை விஷத்தில் நீந்தவிடுவது அன்றைக்குப் பலரும் செய்த காரியம். ஒரு இறால் துண்டை உள்ளே அழுகவிட்டாலே அதே வேலை நடக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் மனது சங்கடப்படுகிறது.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அளவுப்படி எழுபது லிட்டர். கல்லும் மணலும் போக, தண்ணீர் அறுபதுதான். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உப்பு. நான் தூத்துக்குடிப் பக்கம் தருவைக்குளத்துக்காரன், அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். வீட்டுக் கல்லுப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாது என்பது சின்ன வயதிலேயே தெரியும். பாத்தியில் உப்பு வாரிய பிறகு வடித்துவிடுகிற கசப்புத் தண்ணீரோடு மக்னீசியம் போய்விடும். சுண்ணாம்புச் சத்து அதற்கும் முன்னாலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மிஞ்சுவது சாப்பாட்டு உப்புதான். தொட்டிக்கென்று எல்லாச் சத்தும் கலந்து பாக்கெட்டில் வரும் உப்பைத்தான் கடக்வாஸ்லா தண்ணீரில், குளோரின் போக்கிவிட்டுக் கரைத்தேன்.

டாமினோ பிழைத்தது. ஆறு வாரமும் அந்த இரண்டடி முழுக்க அதற்கே சொந்தமாக இருந்தது. ஏப்ரலில் இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு குழந்தைகள் எல்லோரும் நீமோ என்றே சொல்கிற ஆரஞ்சு மீன். முதல் நாள் மூன்றும் பேசாமல் இருந்தன. இரண்டாம் நாள் காலையில் சின்னக் கோமாளியின் வால் ஓரம் கிழிந்திருந்தது. டாமினோ துரத்தும்போது ஒரு சத்தம் போடும், கண்ணாடியில் காதை வைத்தால் கேட்கும், விரல் கணுவை நெட்டி முறிப்பது போல. கோமாளி வலது மூலையில் மேலே போய், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கேயும் விடவில்லை. நான்காம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அது ஃபில்டர் குழாயில் ஒட்டிக்கிடந்தது. பக்கத் துடுப்பில் நரம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மகள் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். ஆனாலும் அவள் கேட்டாள், "அப்பா, ரெண்டு இருந்துச்சே?"

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டேன். என் தாய்மாமா நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஏல மருமவனே, பார்ல ஒருத்தன் கடிச்சா இன்னொருத்தன் அடுத்த கல்லுக்குப் போயிருவான். ஒன் பொட்டியில எங்கல போவான்?"

"ஆமா மாமா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை.

பார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கடலடிப் பாறைத் திட்டை. பவளப்பாறை என்பது புத்தகத்தில் படித்த சொல். ஊரில் முருகைக்கல் என்றுதான் சொல்வோம். மன்னார் வளைகுடாவின் பார்களில் இந்த டாமினோவும் உண்டு. எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், கடலில் குஞ்சு டாமினோக்கள் கோமாளி மீன்கள் குடியிருக்கிற அதே கடல் சாமந்திக்குள்தான் ஒண்டி வளர்கின்றன. அங்கே இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பகைக்கும் சிநேகத்துக்கும் நடுவில் இருந்தது தூரம் ஒன்றுதான். அந்தத் தூரத்தை நான் இரண்டடியாகச் சுருக்கிவிட்டேன். அதுவும் டாமினோ வளர்ந்தால் அரைச் சாணைத் தாண்டும்.

அதைப் பிடிக்க எல்லாக் கல்லையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. திரும்பக் கொடுத்தபோது கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெரிய மீன்கள் இருந்த நாலடித் தொட்டியில் விட்டார். அங்கே அது ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது. எனக்கு அதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

தொட்டியை மறுபடி ஆரம்பத்திலிருந்து கட்டினேன். இந்த முறை மீனை யோசிப்பதற்கு முன்னால் ஒளிய இடத்தை யோசித்தேன். முருகைக்கல் வைக்க முடியாது. 2001-இல் கல் பவளங்கள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாவற்றையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அது சரியான சட்டம் என்று முழு மனதோடு சொல்வேன். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் முருகைக்கல்லை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. மும்பையில் ஒரு கடையில், பின்பக்கம் வாருங்கள், கடல் குதிரை இருக்கிறது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். எங்கள் கரையில் கடல் குதிரைகளைக் காயவைத்து விற்ற காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

கல்லுக்கு வாகோலியில் வழி கிடைத்தது. அங்கே கல் உடைக்கிற குவாரிகள் நிறைய. தக்காணப் பீடபூமியின் இந்தப் பகுதியே எரிமலைக் குழம்பு ஆறி உறைந்ததுதான், ஏறக்குறைய 6.6 கோடி வருஷத்துக்கு முந்தையது. குழம்பு ஆறும்போது காற்றுக் குமிழிகள் நின்ற இடமெல்லாம் பொத்தல் விழுந்த கருங்கல் அங்கே கிடைக்கும். பொத்தல் உள்ள கல்தான் நுண்ணுயிர் குடியிருக்க நல்லது. நாலைந்து துண்டு பொறுக்கிக்கொண்டு வந்து, வினிகர் விட்டுப் பார்த்து, மூன்று வாரம் பக்கெட்டில் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல், நடுவில் மணல் வெளி. ஒரு குவியலில் நிற்கிற மீனுக்கு அடுத்த குவியலில் இருப்பது தெரியக் கூடாது என்பதுதான் கணக்கு.

யார் யாரை விடுவது என்பதைவிட யார் யாரை விடக் கூடாது என்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. மகள் கேட்ட நீல மீன் வளர்ந்தால் ஓரடி. அது பாரெல்லாம் சுற்றி மேய்கிற மீன், அதை இரண்டடியில் அடைப்பது பாவம். மாண்டரின் என்கிற பச்சை நீலச் சித்திரம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களைத்தான் தின்னும். சின்னத் தொட்டியில் அவை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு பட்டினி. கிளாத்தி இறால், நண்டு, நத்தை எதையும் மிச்சம் வைக்காது. மகளுக்குக் கடல் சாமந்தி வேண்டும், கோமாளி அதற்குள் படுத்துத் தூங்க வேண்டும். ஆனால் சாமந்தி ஒரே இடத்தில் நிற்காது. இரவில் நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கினால் கிழிந்து, மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். தொட்டியில் கோமாளிக்குச் சாமந்தி தேவையும் இல்லை. அதைக் கொன்று தின்ன வரும் மீன் அங்கே இல்லையே.

இவ்வளவு யோசித்தும் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று உண்டு. விரல் நீளம், நீல உடம்பு, வாயிலிருந்து கண் வழியாக வால்வரை கறுப்புக் கோடு. மற்ற மீன்களின் உடம்பிலிருந்தும் வாய்க்குள்ளிருந்தும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். சாது, யாரையும் துரத்தாது, விலையும் குறைவு. ஒத்துப்போகுமா என்று நான் கேட்ட கேள்விக்கு அது நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிற மீன். வாங்கிவிட்டேன். அந்தத் தொட்டி அதற்கு ஒத்துப்போகுமா என்று நான் கேட்கவில்லை. கடலில் அது ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ஒட்டுண்ணிகளைத் தின்னும். பாரில் அதன் இடத்துக்கு மீன்கள் வரிசையில் வந்து நிற்கும். என் தொட்டியில் அப்போது இருந்தது உயிர் தப்பிய அந்த ஒரு கோமாளிதான். அதன் உடம்பில் என்ன இருக்கப்போகிறது? குச்சித் தீனி, ஆர்டிமியா, கணேஷ் பேட் சந்தையில் வாங்கிய கோலம்பி இறாலைப் பொடியாக நறுக்கியது, எதையும் சுத்தம் செய்யும் மீன் தொடவில்லை. காலையில் நான் பல் விளக்கிக்கொண்டே வந்தால் கண்ணாடி ஓரம் வந்து ஆடிக்காட்டும். அது வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற ஆட்டம். நான் அதை எனக்கு வணக்கம் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் முதுகு கத்தி போல மெலிந்து, மணலில் சாய்ந்துவிட்டது. கோமாளியும் டாமினோவிடம் பட்ட பழைய காயம் ஆறாமல் அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டது.

எட்டு வருஷம் கழித்து, 2019-இல், ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இதே சுத்தம் செய்யும் மீனின் தொண்டையில் ஒரு பழுப்புப் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்களாம். கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கீழே போய்த் தன் தொண்டையைத் தரையில் உரசிக்கொண்டதாம். படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2011 தீபாவளி முடிந்ததும் மூன்றாம் முறையாக ஆரம்பித்தேன். இந்த முறை அவசரமே இல்லை. முதலில் நாலு துறவி நண்டும் சில நத்தைகளும். ஒரே வாரத்தில் ஒரு நண்டு ஒரு நத்தையை இழுத்துப்போட்டுத் தின்றுவிட்டு, அதன் கூட்டை மாட்டிக்கொண்டு திரிந்தது. பசியல்ல, வீடுதான் பிரச்சினை. அம்மாவிடம் சொன்னேன். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கரையில் பொறுக்கிய காலிச் சங்குகளைக் கொடுத்துவிட்டாள். வேகவைத்துக் கழுவி உள்ளே போட்டோம். ஒரு நண்டு வந்து ஒரு சங்கைப் புரட்டியது. வாயில் கொடுக்கை விட்டு ஆழம் பார்த்தது. உள்ளே இருந்த மணலைத் தட்டிக் கொட்டியது. போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி அளந்தது. பிறகு ஒரு நொடிக்குள், தோல் உரித்த இறால் போன்ற தன் பின்னுடம்பைப் பழைய கூட்டிலிருந்து உருவிப் புதியதில் செருகிக்கொண்டது. மகள் கைதட்டினாள். அதன் பிறகு நத்தைக்கு ஆபத்து வரவில்லை.

அடுத்து ஒரு மஞ்சள் உளுவையும் ஒரு கொடுக்கு இறாலும். இரண்டையும் தொட்டியின் இரு முனைகளில் விட்டேன். மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டது என்றுதான் நினைத்தேன். கீழே இரண்டு மாடியில் குடும்பங்கள், அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர். டார்ச்சோடு ஓடி, மூட்டுகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. அடிக்கல்லுக்குக் கீழே மணல் தெறிக்க மறுபடி 'டக்'. இறால்தான். அதன் பெரிய கொடுக்கு மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி பிறந்து உடைகிறது. அந்தச் சத்தம் அது.

காலையில் பார்த்தால் உளுவை வளை வாசலில் உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்குக் கண் பார்வை மட்டு. வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை உளுவையின் வால்மேல் வைத்துக்கொண்டே வரும். நான் கையை அசைத்தேன். உளுவை வாலை ஒரு துடி துடித்தது. இறால் உள்ளே போய்விட்டது. ஒன்று தோண்டும், ஒன்று காவல் காக்கும், வளை இருவருக்கும் பொது. அவற்றை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. அன்று வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

கடைசியாகத்தான் கோமாளிகள். பண்ணையில் பிறந்தவைதான் வேண்டும் என்று கேட்டு, இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினேன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் முறையைக் கண்டறிந்து செய்துவருகிறது. அப்படிப் பிறந்த மீன் குச்சித் தீனி தின்னும், கண்ணாடிக்குப் பழகியிருக்கும், பாரிலிருந்து ஒன்று குறையாது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று பார்த்து எடுத்தேன். கோமாளிக் குஞ்சுகள் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் யார் பெரியவர் என்று தீர்மானிக்கவே சண்டை வரும்.

அதோடு நிறுத்தினேன். மகளுக்கு ஏமாற்றம்தான்.

"இன்னும் நிறைய இடம் இருக்கேப்பா?"

"அது அவங்க ஓடுறதுக்கும்மா."

புனே கடல்மட்டத்துக்கு 560 மீட்டர் மேலே இருக்கிறது. மார்ச்சிலிருந்தே காற்று காய்ந்துவிடும். தொட்டியில் தினம் ஒன்றரை லிட்டர் வற்றும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். உப்பளத்து ஆளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடியில் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணீரை ஊற்றுவோம். வியாழக்கிழமைகளில் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்துவார்கள். சூடேறிய உப்புத் தண்ணீரில் பிராணவாயு அதிகம் நிற்காது. பேட்டரி பம்பைப் போட்டுவிட்டு, நான் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் உட்கார்ந்து கூடைத் தட்டால் விசிறியிருக்கிறோம். மாற்றிய பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது எனக்கு ஒரு நினைப்பு வரும். மேற்கே மலையைத் தாண்டினால் அரபிக் கடல். ஆனால் இந்த ஊரின் முட்டா ஆறு முளாவோடு சேர்ந்து, பீமாவில் விழுந்து, கிருஷ்ணாவாகி, கிழக்கே எங்கள் பக்கத்து வங்கக் கடலுக்குத்தான் போகிறது.

2013 ஜனவரியில் பெரிய கோமாளி என் கையைக் கடித்தது. கண்ணாடி துடைக்கிற துணியோடு போன கையை விடாமல் துரத்தியது. இடது குவியலில் ஒரு கருங்கல்லை இரண்டும் வாயால் மேய்ந்து மேய்ந்து பளிச்சென்று ஆக்கியிருந்தன. அன்று மாலை அதில் ஆரஞ்சு முட்டைகள் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒட்டியிருந்தன. அதிலிருந்து தொட்டியில் பாதி அவற்றின் ராஜ்ஜியம். நத்தை அந்தப் பக்கம் ஊர்ந்து வந்தால் கவ்விக் கொண்டுபோய் நடுமணலில் போட்டுவிடும். டாமினோ செய்த அதே வேலையை நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த மீனே செய்தது. ஆனால் உளுவையின் வளை வலது குவியலுக்கு அடியில் இருந்தது. அது வாசலை விட்டு நகரவே இல்லை. இரண்டடியில் ஓரடி அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆண் மீன் பகல் முழுக்கத் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன, முட்டைக்கு இரண்டு. மகள் பூதக்கண்ணாடி வைத்து எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். எட்டாம் இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். டார்ச் வெளிச்சத்தில் தூசி போல, தூசிக்கு உயிர் வந்தது போல, மேல் தண்ணீர் முழுக்கச் சின்னக் கீற்றுகள். அவற்றுக்குத் தீனி ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர். அதைப் பச்சைப் பாசித் தண்ணீரில் வளர்க்க வேண்டும். மண்டபத்தில் அதற்கென்று தனிக்கூடமே இருக்கும், என்னிடம் இல்லை. இருக்கிற வரைக்கும் பார்ப்போம் என்று மூவரும் தரையில் உட்கார்ந்தோம். மகள் அப்படியே என் மடியில் தூங்கிவிட்டாள்.

காலையில் ஒன்றுகூட இல்லை. கல்லில் முட்டைகள் ஒட்டியிருந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆண் மீன் அதே கல்லை மறுபடி வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. மகள் பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.